தண்டலத்தில் கொதித்த கார்

இன்று பஸ்ஸில் தண்டலத்தைக் கடந்தபோது 1981 நினைவுக்கு வந்தது.

என் பழைய காரின் இன்ஜினை நானே பிரித்துக் கோத்து, முதன்முதலாக மனைவியை ஏற்றிக்கொண்டு வந்தேன். தண்டலத்தில் ஆவி பொங்கிக் கார் நின்றது. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன்.

வயலிலிருந்து ஓடிவந்த ஒரு பெண் என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத சார்! எங்க வூட்டுக்காரர் மூஞ்சி இப்டித்தான் வெந்துபோச்சு. ஆறட்டும், குந்து."

நான் மறுபடி கைவைத்துவிடாதபடி, ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாயைக் கழற்றினேன். வேலை செய்யும்போது தூசி விழாமலிருக்க நான் அடைத்த துணி, தண்ணீரை மறித்துக்கொண்டு உள்ளேயே இருந்தது.

"இன்னா சார் அது?"

"என் ரவிக்கை" என்றாள் மனைவி.

அந்தப் பெண் கொடுத்த ஒரு குடம் தண்ணீரில் வீடு வந்து சேர்ந்தோம்.

இன்ஜின் பிரித்தவர்களே, நீங்கள் எதை உள்ளே வைத்து மூடினீர்கள்?