பேண்டு மாஸ்டருக்கு நான் எழுதிய நாலு வரி

பள்ளியின் இணையதளத்தில் இசை ஆசிரியர்களைப் பற்றி ஒரு பக்கம் போட வேண்டும் என்று தாளாளர் ஒருநாள் கிளம்பினார். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழும் இங்கிலீஷும் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதைத் தவிர நான் வேறு பாவம் ஏதும் செய்யவில்லை. "ஆளுக்கு நாலு வரி போதும் மிஸ். எங்க கத்துக்கிட்டாங்க, எங்கெல்லாம் வாசிச்சாங்க. பேரன்ட்ஸ் பார்த்தா அசந்துடணும்" என்றார். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளி அது. சுற்றிலும் கல்லூரிகள். எங்கே திரும்பினாலும் யாராவது தங்கள் ஆசிரியர்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருப்பார்கள். எங்கள் தாளாளருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. நான் அங்கே பாட்டு மிஸ்.

என்னையும் சேர்த்து நாலு பேர் நாங்கள். கீபோர்டு சார் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தவர். கல்யாண ரிசப்ஷனில் வாசிக்கிறவனைப் பாட்டு நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மிருதங்க சார் பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலம் போனபிறகு மனை வாங்கி விற்கிற வேலையும் பார்த்தார். வகுப்பு நடுவில் போன் வந்தால் ஒரு கையால் தாளம் போட்டபடியே "கார்னர் பிளாட்டு சார், விட்றாதீங்க" என்பார். இவர்களுக்கெல்லாம் எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ரிசப்ஷனை 'மேடைக் கச்சேரி' ஆக்கினேன், முடிந்தது.

என் நாலு வரியில்தான் கை கொஞ்சம் நின்றது. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், இசைக் கல்லூரியில் படித்தேன், அதெல்லாம் சரி. அதற்குப் பிறகு சில வருடம் சினிமாவுக்கு டிராக் பாடினேன். பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால் மெட்டு இப்படித்தான் போகும் என்று காட்ட யாராவது ஒருத்தி பாடிவைக்க வேண்டும். அந்த ஒருத்தி நான். அந்தப் பாடகி வந்து பாடியதும் என் குரலை அழித்துவிடுவார்கள். படத்தில் என் பேரும் வராது, குரலும் வராது. நான் 'திரைப்படப் பின்னணிப் பாடகி' என்று எழுதிக்கொண்டேன். பொய்யா? பாடினேனா இல்லையா! அழித்தது அவர்கள், நானா அழித்தேன்? இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிவிட்டு அடுத்த ஆளிடம் போனேன்.

அடுத்த ஆள் பேண்டு மாஸ்டர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். மண்ணூர்பேட்டைக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், கம்பெனியை மூடியதும் முழுநேரமும் டிரம்பெட்டைத் தூக்கிவிட்டார். பிள்ளைகளுக்கு அவர்தான் பேண்டு சொல்லிக்கொடுத்தார். வேறு பள்ளிப் பிள்ளைகள் நின்ற இடத்தில் நின்று ஊதுவார்கள். எங்கள் பிள்ளைகள் குடியரசு தினத்தன்று மைதானத்தை முழுசாகச் சுற்றிவந்து ஊதுவார்கள், ஒருத்தனுக்கும் மூச்சு வாங்காது. அதெப்படி என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியம்.

"எந்தெந்த மேடையில வாசிச்சிருக்கீங்க மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"மேடையா? இன்னா டீச்சரம்மா, தமாசு பண்றீங்க. நமக்கு ரோடுதான் மேடை" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா. நான் பேண்டு செட்ல இருந்தவன். கல்யாணம், கோயிலு எல்லாம் வாசிச்சிகீறேன். ஆனா சாவுதான் ஜாஸ்தி. ஊட்லேந்து சுடுகாடு வரிக்கும் நடந்துகினே ஊதணும். அதுல பழகுன மூச்சுதான் இது. அத்தத்தான் பசங்களுக்கும் குடுக்கறேன். ஆனா சாவுன்னு மட்டும் எய்திடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

ஏன் எழுதக்கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கல்யாணத்தில் வாசிப்பவனுக்குச் சந்தனம் கொடுக்கிற ஊர், சாவில் வாசிப்பவனைப் படிக்குக் கீழேயே நிறுத்திவைக்கும். சாதியைச் சொல்லாமலே சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருக்கு ஒரு மகள். வரன் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பதான் டீச்சரம்மா, அப்பா இன்னா பண்றாருன்னு கேட்டா ஸ்கூல்ல சாருன்னு சொல்லிக்க முடியுது. இது நின்னுச்சுன்னா எம் பொண்ணுக்குத் தலையெடுக்க வழி கெடையாது" என்றார். அந்த வேலை அவருக்கு வெறும் வேலை இல்லை என்பது எனக்கு அன்றைக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எல்லாம் செய்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். எனக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம். 'திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளில் நெடுங்கால அனுபவம் உள்ளவர்' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். சனியன் யாரை விட்டது? 'நகரின் முக்கியப் பிரமுகர்கள் பலரின் இல்ல நிகழ்ச்சிகளில் வாசித்தவர்' என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். செத்தவர்களில் கவுன்சிலர் இருந்திருப்பார், மில் ஓனர் இருந்திருப்பார். ஒரு சொல்லும் பொய்யில்லை என்று எனக்கே என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொள்ளத் தோன்றியது. மறுநாள் அவருக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பக்கம் வெளியானதும் மகள் போனில் படித்துக் காட்டினாளாம். "நைனா, இது நீயான்னு கேக்குது டீச்சரம்மா" என்று அவர் சொன்னபோது கண் கலங்கியிருந்தது.

அந்த வருட மழைக்காலத்தில் தாளாளரின் அப்பா செத்துப்போனார். வயதானவர். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தண்டைப் பக்கம் சொந்த ஊர். ஒருகாலத்தில் விவசாயம், இப்போது அந்த நிலத்தில் குடோன்கள். காலையில் வாட்ஸ்அப் குழுவில் இங்கிலீஷில் நீளமாக ஒரு செய்தி வந்தது. பள்ளிக்கு விடுமுறை, ஆசிரியர்கள் பத்து மணிக்கு வேனில் வந்துவிட வேண்டும் என்று. பேண்டு மாஸ்டருக்கு இங்கிலீஷ் வராது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். கீபோர்டு சாருக்குப் போன் போட்டு, "இன்னிக்கி ஸ்கூலு கீதுங்களா சார், லீவா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். லீவுதான் என்றதும் வைத்துவிட்டார். அதே நேரம் பார்த்து அவருடைய பழைய பேண்டு செட்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். டிரம்பெட் வாசிக்கிறவனுக்குக் காய்ச்சல், ஒரு பெரிய சாவு, நீ வந்தால்தான் ஆகும் என்று. லீவுதானே என்று இவரும் கிளம்பிவிட்டார்.

நாங்கள் வேனிலிருந்து மாலையோடு இறங்கும்போதே டிரம்பெட் கேட்டது. குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தி நிதானமாக ஊதும் அந்த வாசிப்பை நான் நித்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறவள். கும்பலை விலக்கிப் பார்த்தேன். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் ஜரிகை, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டார். பந்தலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் தாளாளரின் படத்தை அதற்கு முன்பே பார்த்திருப்பார். கண்ணில் அப்படி ஒரு கிலி. ஆனால் வாயிலிருந்து டிரம்பெட்டை எடுக்கவில்லை. பாதியில் விட்டுப் போனால் கூட வந்த நாலு பேர் பிழைப்பு கெடும்.

உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து, பெரியவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைச் சொல்லி வாசிக்கச் சொன்னார். மாஸ்டர் வாசித்தார். அதுவரை கல் மாதிரி நின்றிருந்த தாளாளர் அந்தப் பாட்டில்தான் உடைந்தார். சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யார் இப்படி வாசிப்பது என்று நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஒரு பேச்சும் இல்லை. போகட்டும், மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். காரியம் முடிந்த மறுநாள் பேண்டு மாஸ்டரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்த கையோடு என்னைக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் எதிரெதிரே கடந்தோம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பியூன் நின்றுகொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

தாளாளரின் மேஜைமேல் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார்கள். அவர் விரலை வைத்துப் படித்தார். "'பிரமுகர்கள் பலரின் இல்ல நிகழ்ச்சிகளில் வாசித்தவர்.' நம்ம வீட்டு நிகழ்ச்சியையும் இதுல சேத்துக்கலாம் போல இருக்கே மிஸ்." சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இதை எழுதினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"அவர் எங்க வாசிச்சவர்னு உங்களுக்குத் தெரியுமா?"

பேண்டு மாஸ்டருக்கு நேர் மேலே என் படம் இருந்தது. 'திரைப்படப் பின்னணிப் பாடகி.' அவர் விரல் இரண்டு அங்குலம் மேலே போனால் நான் முடிந்தேன். என் மகள் அதே பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எதையும் சாக்காகச் சொல்லலாம். எனக்குப் பயம். அவ்வளவுதான்.

"அவர் சொன்னதைத்தான் சார் எழுதினேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

தாளாளர் தலையாட்டினார். "அவரும் அதையேதான் சொன்னார். 'டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னத்ததான் எய்துனாங்க'ன்னு."

அந்த நிமிஷத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த வரி என்னுடையது சார், என் குசும்பு சார், அவர் சாவு என்று சொன்னார், நான்தான் பிரமுகர் என்று எழுதினேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஊரில் என்னை வாயாடி என்பார்கள். ஆட்டோக்காரனிடம், கேஸ் ஏஜென்சியில், மாமியாரிடம் எங்கும் விட்டுக்கொடுக்காத வாய். அன்றைக்கு அது உதட்டைப் பிரிக்கவில்லை. "சாவுக்கு வாசிச்சதுக்காக நாங்க யாரையும் நிறுத்தல மிஸ். அப்படித் தப்பா நெனச்சுடாதீங்க. பொய்யான தகவல் கொடுத்தார், அதனாலதான்" என்றார் தாளாளர். பேண்டு மாஸ்டருடைய நாலு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். நான் எடுத்தேன். மேலே என் நாலு வரி அப்படியே இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள், எனக்கு அது அவர் தலையோடு போயிற்று.

எட்டு மாதம் கழித்து அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். செக்யூரிட்டி யூனிபார்ம் போட்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தேன், அவரே ஓடிவந்தார். "டீச்சரம்மா! நல்லா கீறீங்களா? பாப்பா நல்லா படிக்குதா?" என்றார். அவர் மகளுக்கு வரன் ஏதும் அமைந்ததா என்று கேட்டேன்.

"ஒரு நல்ல எடம் வந்துச்சு. ஸ்கூலாண்ட போயி விசாரிச்சிகீறாங்க. பொய் சொல்லி வேலையில சேந்தவருன்னு இன்னாத்தையோ சொல்லிட்டாங்களாம். பூட்ச்சி" என்றார். சொல்லிவிட்டு, அது பெரிய விஷயமில்லை என்பதுபோல் கையை வீசினார். "அத்த விடுங்க. ரொம்ப நாளா உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். என்னிய அனுப்புன அன்னிக்கி உங்களையும் உள்ள கூப்ட்டாங்கல்ல? நீங்க வேற கோவக்காரங்க. எனக்கோசரம் எதுனா பேசி, உங்க வேலையும் பூடப் போவுதேன்னு அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கல. ஒண்ணும் பேசலியே?"

"இல்ல மாஸ்டர்" என்றேன். "ஒண்ணுமே பேசல."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.