நானூறு மில்லிமீட்டர் மாப்பிள்ளை

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வாரம் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாக மின்பலகைகளில் குறை தேடுவது குகனின் வேலை. சனி, ஞாயிறுகளில் பாலம் தாண்டித் தீவுக்குள் கல்யாணப் படம் எடுப்பான். குறை தேடியே பழகிய கண் என்பதால் எதைத் தேர்ந்தெடுக்கவும் அவனுக்குத் தைரியம் வராது. நல்ல கட்டில் அமையாமல் கல்யாணமான புதிதில் அவனும் மனைவி மோகனாவும் ஒரு தீபாவளி வரைக்கும் தரையில்தான் படுத்திருந்தார்கள்.

இங்கே கல்யாணங்களில் கேமராக்காரர் மணவறைமேல் ஏறி, ஐயருக்கும் மணமக்களுக்கும் முன்னால் குனிந்து நிற்பது வழக்கம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் குகன் அகலமான ஆள். போன வைகாசியில் ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் அவனுடைய மாமியார் ஜெயலெட்சுமி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தும் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை.

"அட்சதைய பொண்ணு மாப்பிள்ளை மேலயா போட்டேன்? உங்க கறுப்புச் சட்டை மேல போட்டேன் மாப்ள. அத்தனை பேர் ஆசீர்வாதமும் உங்க முதுகுக்குத்தான் போச்சு!"

இப்போது அவருடைய இளைய மகள் காமினிக்குக் கல்யாணம். ஜெயலெட்சுமி தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"படம் நீங்கதான் எடுக்கணும். மூத்த மாப்பிள்ளை இருக்கும்போது வெளியாள வெச்சா நாலு பேர் பேசுவாங்க. ஆனா மணவறைப் பக்கமே வரக் கூடாது. தாலி கட்டுற படம் மட்டும் வரலன்னு வைங்க..."

அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த முடிக்காத வாக்கியம்தான் குகனைத் தூங்கவிடவில்லை.

லெபு பாசார் தெருவில் முகம்மது கனியின் கேமரா கடைக்குப் போனான். கனி லென்ஸ் விற்பார், வாடகைக்கும் விடுவார்.

"எவ்வளவு தூரத்துல இருந்து எடுக்கணும் தம்பி?"

"தெரியலண்ணே. மாமியார் மனசப் பொறுத்தது."

கனி இரண்டை எடுத்து வைத்தார். "இது எழுபது-இருநூறு, ஜூம். நின்ன எடத்துல நின்னுக்கிட்டே கிட்ட இழுக்கலாம், தள்ளியும் விடலாம். கல்யாணத்துக்கு இது போதும் லா. இது நானூறு மில்லிமீட்டர், டெலி. இழுக்கவும் செய்யாது, தள்ளவும் செய்யாது. ஆள் ரொம்பப் பெருசாத் தெரிஞ்சா நீதான் பின்னாடி நடக்கணும். பறவையப் படம் பிடிக்கிறவங்க எடுத்துட்டுப் போவாங்க."

குகன் ஜூம் வழியாகப் பார்த்தான். எதிர்க்கடைப் பூக்காரம்மா தெரிந்தார். நானூறில் பார்த்தான். அவர் பல்லில் ஒட்டியிருந்த கீரை தெரிந்தது. உடனே அவன் மனம் வேலை செய்ய ஆரம்பித்தது. இன்றைக்கு மணவறைப் பக்கம் வராதே என்கிற மாமியார், நாளைக்கு மண்டபத்துக்குள்ளேயே வராதே என்றால்?

"ரெண்டையும் எடுத்துக்கறேண்ணே."

"ரெண்டு எடுத்தா உன் லென்ஸ் ரெண்டு இங்க வெச்சிட்டுப் போகணும். அதான் கடை வழக்கம். உன்கிட்ட எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"அப்ப ஒண்ணு எடு. ஜூம் எடு."

குகன் தன் பழைய லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நானூறைத் தூக்கிக்கொண்டு போனான்.

கல்யாணத்தன்று காலையிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. மண்டபத்தின் நடுவில் நின்றால் காமினியின் மூக்குத்தி மட்டும் வந்தது. பத்து வரிசை தள்ளிப் போனால் தலை வந்தது. பெண்ணும் மாப்பிள்ளை லோகேஸ்வரனும் ஐயரும் சேர்ந்து வர வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. அங்கே கேமராத் தாங்கியை நட்டு வெள்ளை லென்ஸைப் பூட்டினான். சாலையில் வந்த கார்கள் போலீஸ் கேமராவைக் கண்டதுபோலச் சட்டென்று வேகத்தைக் குறைத்தன. ஒருவர் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, இந்த ரோட்ல எவ்வளவு ஸ்பீடு?" என்று பவ்வியமாகக் கேட்டார். குகன் அவரை விருந்தாளி என்று நினைத்து, "உள்ள பசியாறிட்டுப் போங்க" என்றான். அவரும் இறங்கி வந்து பசியாறினார்.

முகூர்த்த நேரம் வந்தது. கெட்டிமேளம் முழங்கியது. அதுவரை உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து கைப்பேசியைத் தூக்கியது. குகன் தாங்கியை இன்னும் உயர்த்தினான். கைகளுக்கு மேலே மணவறை தெரிந்தது. மணவறையில் பட்டுச்சேலை ஒன்றின் முதுகு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

அந்த முதுகு ஜெயலெட்சுமியுடையது.

கத்தினால் கேட்காது. ஓடினால் மணவறைப் பக்கம் போனதாகிவிடும். குகன் கைப்பேசியை எடுத்து மாமியாரை அழைத்தான். பைராம் தோட்டத்திலிருந்து சம்பந்தி வீட்டு உறவுக்காரர்களின் பேருந்து இன்னும் வந்து சேராததால் ஜெயலெட்சுமி கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு பேசினார்.

"பஸ் எங்க வருது?"

"அத்தை, நான் குகன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"

"எங்க இருக்கீங்க?"

"வாசல்ல!"

"வாசல்லயா? பொண்ணுக்குத் தாலி கட்டும்போது வாசல்ல என்ன வேலை?" என்று திரும்பினார். வெள்ளை லென்ஸ் கண்ணில் பட்டது. "அதோ நிக்கறாரு பாரு, நம்ம மாப்ள!" என்று கையை நீட்டினார்.

ஐயர் திரும்பினார். காமினி திரும்பினாள். முதல் முடிச்சோடு லோகேஸ்வரனும் திரும்பினான். குகன் அமுக்கினான்.

சனம் பந்திக்குப் போனதும் மணவறை அருகே எல்லோரும் கேமராவின் சின்னத் திரையைச் சுற்றி நின்றார்கள். படத்தில் ஜெயலெட்சுமி தெளிவாக இருந்தார். கைப்பேசியைப் பிடித்த விரலில் மருதாணிக் கோடுகள்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கரைந்துபோயிருந்தார்கள்.

"தாலி எங்கம்மா?" என்றாள் காமினி. குகன் ஒரு மஞ்சள் தீற்றலைக் காட்டினான். அவள் கண் நிறைந்துவிட்டது. "என் கல்யாணத்துல நீ போன் பேசிட்டு இருக்கே!"

"பேசலடி, ஏற்பாடு பண்ணிட்டு இருந்தேன்" என்றார் ஜெயலெட்சுமி. ஆனால் குரல் இறங்கிவிட்டது. ஐயரைப் பார்த்தார்.

"மறுபடி கட்டக் கூடாதும்மா. முடிச்சுல கைய வெச்சிட்டு நிக்கட்டும். அதுல தப்பில்ல."

"மாப்ள, ஏறுங்க. நானே சொல்றேன், மேல ஏறுங்க!"

குகன் ஏறினான். கண்ணை வைத்தான். வெறும் மூட்டம். அவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸுக்குக் கண்ணே தெரியாது. மெல்ல இறங்கிப் பின்னால் நடக்க ஆரம்பித்தான்.

"எங்க போறீங்க? ஏறச் சொன்னேன்ல?"

"நீங்க சொல்லிட்டீங்க அத்தை. லென்ஸ் கேக்க மாட்டேங்குது."

 ஜெயலெட்சுமி அவன் பின்னால் ஓடி, சட்டையைப் பிடித்துக்கொண்டு, லாரிக்குப் பின்பக்கம் பார்த்துச் சொல்கிறவரைப் போலக் குரல் கொடுத்தார். "வரலாம்... வரலாம்... ரைட்ல நாற்காலி... வரலாம்... படி! படி! ஸ்டாப்!"

மணவறையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த காமினி வெடித்துச் சிரித்தாள். முடிச்சைப் பிடித்திருந்த லோகேஸ்வரனும் குலுங்கினான். குகன் அமுக்கினான்.

இந்த முறை தாலி பளிச்சென்று வந்தது. ஜெயலெட்சுமி திரையை வெகுநேரம் பார்த்தார்.

"தாலி கட்டுற நேரத்துல இப்படியா பல்லக் காட்டுவா?"

"வேற எடுக்கவா அத்தை?"

"வேணாம், நல்லாத்தான் இருக்கா." இன்னும் தேடினார். "இதுல நான் எங்க?"

"நீங்க எனக்குப் பின்னாடி இருந்தீங்க."

"அப்ப நான் பக்கத்துல இல்லன்னு சனங்க நினைப்பாங்களே." திரையில் விரலை வைத்தார். "ஆல்பத்துல மொத படத்தையும் சேர்த்துப் போடுங்க. ரெண்டும் ஒரே பக்கத்துல. என்னுத கொஞ்சம் பெருசா."