நான்கு முறை தொடங்கிய பலி

நூமேரியஸ் அட்டியஸ் கெல்சஸ் (கி.பி. 86–144), நோலா நகரத்து ஃபார்ட்டூனா தேவி கோயிலில் இரட்டைக் குழல் ஊதியவர்.

பலியின்போது அவருடைய வேலை இனிமையாக ஊதுவது அன்று, இடைவிடாமல் ஊதுவது. வேண்டுதல் சொல்பவரின் காதில் வேறு எந்த ஓசையும் விழக் கூடாது. ஓசை விழுந்தாலோ, வேண்டுதலில் ஒரு சொல் விடுபட்டாலோ, குழல் ஒரு கணம் ஓய்ந்தாலோ, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்: வேறொரு பன்றி, அதன் தலையில் தூவப் புதிதாக உப்பு மாவு, மறுபடியும் கைகழுவல். கன்னம் தளராதிருக்கத் தோல்வாரால் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் அவர் ஊதுவார். கட்டியபின் பேசவும் இயலாது, பெருமூச்சு விடவும் இயலாது. வாயடக்கம் இல்லாத அவருடைய சுபாவத்துக்கு இதைவிடக் கொடிய தொழில் வேறு இருந்திருக்க முடியாது.

கி.பி. 127ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று கோயில் விழாவும் அவருடைய ஒரே மகள் அட்டியாவின் திருமணமும் ஒன்றாக வந்தன. நாள் குறித்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். பலி எப்போதும் முற்பகலிலேயே முடிந்துவிடும், மணப்பெண் ஊர்வலமோ மாலை வெள்ளி முளைத்த பிறகுதான் புறப்படும் என்று கணக்கிட்டுக் கெல்சஸும் இசைந்தார். ஊர்வலத்தின் முன்னால் தம் குழலை ஊதிக்கொண்டு தாமே நடப்பதாக அறிவித்தும் இருந்தார். அவர் இல்லையென்றால் ஊரில் எஞ்சியிருந்த ஒரே குழலாளி ஓபிலியஸ். ஓபிலியஸின் குழலைப் பற்றிக் கெல்சஸ் இருபது ஆண்டுகளாகச் சந்தையிலும் குளியல் மண்டபத்திலும் சொல்லிவந்த சொற்களை இங்கே எழுத முடியாது. அந்தக் குழலின் பின்னால் தம் மகள் நடக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அன்று அவருக்கு இருந்த கவலை.

அவ்வாண்டின் நகரத் தலைவர் லூசியஸ் பாபியஸ், மீன்சாறு வணிகத்தில் பெருத்தவர். மேலாடையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பலிபீடத்தின் முன் நின்றார். அருகில் நின்ற கோயில் எழுத்தர் ஒவ்வொரு வரியாக முன்னால் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நகரத்துக்கும், மக்களுக்கும், வயல்களுக்கும், கால்நடைகளுக்கும் நன்மை அருள்க என்ற இடத்தில் பாபியஸ் வயல்களைத் தாண்டி நேராகக் கால்நடைகளுக்குப் போய்விட்டார். எழுத்தர் கையை உயர்த்தினார்.

கெல்சஸ் வாரை அவிழ்த்தார்.

"பக்கத்துல ஒருத்தர் சொல்லிக் குடுத்தும் விட்டுட்டாரேப்பா!"

"மீன் எங்க வயல்ல விளையுது? அவருக்கு ஞாபகம் வராது," என்றான் பன்றியைப் பிடித்திருந்த ஹிலாரஸ். கோயிலில் வெட்டும் வேலை அவனுடையது. கெல்சஸின் பழைய நண்பன். "கோவப்படாதண்ணே. மூஞ்சி செவந்தா சுருதி ஏறிடும்."

அடுத்த பன்றி வந்து சேர நண்பகலாயிற்று. இரண்டாம் முறை பாபியஸ் வயல்களை ஒழுங்காகவே சொன்னார். சொல்லி முடித்த பெருமிதத்தில் சற்றே நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"மூஞ்சூறு கத்திச்சு," என்றார்.

அங்கிருந்த வேறு எவருக்கும் கேட்கவில்லை. ஆனால் வேண்டுதல் சொல்பவர் கேட்டது என்றால் கேட்டதுதான். அமைதி காக்கச் சொல்லிக் கூவும் கட்டியக்காரர் நேரே கெல்சஸிடம் வந்தார்.

"யோவ், மூஞ்சூறு சத்தத்தைக்கூட மூட முடியலன்னா ஒன் குழல் எதுக்குய்யா இருக்கு?"

"மூஞ்சூறு கத்தலங்க. அவரு வயித்துல ஏதோ கத்தியிருக்கும். விடியக்காலையில இருந்து பட்டினி."

"அதை அவர்கிட்டயே போய்ச் சொல்லேன்."

கெல்சஸ் போகவில்லை. மூன்றாவது பன்றிக்கு ஆள் அனுப்பினார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது கெல்சஸின் மனைவி வீபியா, விருந்து வேலையை அப்படியே போட்டுவிட்டு, மாவு படிந்த கைகளோடு கோயில் படியேறி வந்தாள்.

"என்னங்க இது, இன்னுமா முடியல? மாப்பிள்ளையோட அப்பா ஓபிலியஸுக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு கேக்கறாரு."

"அவனா? அவன் ஊதினா மாப்பிள்ளை வீட்டுக் கதவே சாத்திக்கும்!"

"அப்ப குழலே இல்லாம ஊமை ஊர்வலமா அனுப்பணுமா எம்பொண்ண?"

"நான் வந்துடுவேன்னு சொல்லு."

"காலையில இருந்து இதையே சொல்றீங்க. வெள்ளி முளைக்கற வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் யார் குழல் கெடைக்குதோ அதை ஊதச் சொல்லிடுவேன். எனக்கு வேற வழியில்ல."

மூன்றாம் முறை கெல்சஸ் ஊதியபடியே பாபியஸின் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வயல்களுக்கு இந்த ஆள் இம்முறையும் போய்ச் சேரமாட்டார் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. நகரம் வந்தது. மக்கள் வந்தார்கள். வயல்கள் வந்தன. கால்நடைகள் வந்தன. அதற்குப் பின்னால் இருந்த பதினொரு வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஓர் எழுத்தும் பிசகாமல் வந்துகொண்டே இருந்தன. கடைசி வரிக்கு வந்தபோது வியப்பு மிகுதியால் கெல்சஸ் மூச்சை இழுக்க மறந்துபோனார். குழல் நின்றுவிட்டது.

ஒரு கணம்தான். கோயில் முற்றம் முழுவதும் அந்த அமைதியைக் கேட்டது.

எழுத்தர் கையை உயர்த்தினார். பாபியஸ் மெல்லத் திரும்பினார்.

"நான் சரியாத்தானே சொன்னேன்?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க தலைவரே," என்றார் கெல்சஸ், வாரை அவிழ்த்து. "அதுதான் பிரச்சினை."

ஹிலாரஸ் பன்றியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். கெல்சஸுக்குச் சிரிப்பு வரவில்லை. இதுவரை பிறர் மேல் போட்ட பழியெல்லாம் இப்போது அவர் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நகரத்தின் காசில் வாங்கிய ஒரு பன்றி அவரால் வீணாயிற்று. இனி அவர் எழுந்து போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான்காவது பன்றியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வேண்டுதல் பாதி நடந்துகொண்டிருந்த வேளையில் கோயிலுக்கு வெளியே தெருமுனையில் தீப்பந்தங்கள் தெரிந்தன. மாப்பிள்ளையின் வீடு கோயிலை அடுத்த தெருவில் இருந்தது. ஊர்வலத்துக்கு வேறு வழி கிடையாது. கூடவே கேட்டது ஓபிலியஸின் குழல், அரைச் சுருதி இறங்கி.

கட்டியக்காரர் வெளியே பாய்ந்தார்.

"நிறுத்துங்க! உள்ள பலி நடக்குது!"

"நல்லாயிருக்கே!" என்றது வீபியாவின் குரல். "பொண்ணு நடுத்தெருவுல நின்னா நல்லதாய்யா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆனா நீ வந்து பாப்பியா? நீங்க வேணா உங்க பன்றிய நிறுத்துங்க!"

ஊர்வலம் நிற்கவில்லை. பலிபீடத்தின் முன் பாபியஸின் தலை மெல்லச் சாயத் தொடங்கியது. நண்பகலில் மூஞ்சூறைக் கண்டுபிடித்த அதே சாய்வு. ஓபிலியஸின் ஓசை அந்தக் காதில் விழுந்தால் நாளை ஐந்தாவது பன்றி.

கெல்சஸ் ஊதினார். நாற்பத்தொரு ஆண்டு வாழ்க்கையில் ஊதாத அளவுக்கு ஊதினார். கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. தோல்வார் கன்னத்தை அறுத்தது. தூண்களுக்கு இடையே மணப்பெண்ணின் தீநிற முக்காடு நகர்வதைக் கண்டார்; கண்டும் ஊதுவதை நிறுத்தவில்லை. பாபியஸின் தலை நிமிர்ந்தது. வெளியே ஓபிலியஸ் தம் குழலைத் தாமே கேட்க முடியாமல் இரண்டு முறை தடுமாறி, மூன்றாம் முறை அதை வாயிலிருந்து எடுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டார். தெரு முழுவதும் எஞ்சியது கோயில் குழல் ஒன்றே. அதுவோ பலிக்கு விலங்கை நடத்தி வரும்போது ஊதும் நிதானமான மெட்டு. கூட்டத்தின் கால்கள் தம்மையறியாமல் அதற்கு இசைந்தன. பந்தம் பிடித்தவர்கள், மங்கலத்துக்காகக் கொட்டைகள் வீசியவர்கள், மணப்பெண் எல்லாரும் அடிமேல் அடி வைத்து மாப்பிள்ளை வீட்டை அடைந்தார்கள்.

பலி ஏற்கப்பட்டது. பன்றியின் குடலைப் பார்த்துச் சகுனம் சொல்பவர் குறை ஏதும் சொல்லவில்லை.

மறுநாள் மகளைப் பார்க்கப் போனபோது கெல்சஸின் கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன. அட்டியா வாசலிலேயே அவரை மறித்தாள்.

"ஏம்ப்பா, ஒலகத்துல வேற மெட்டே கெடைக்கலயா? பன்னியக் கூட்டிட்டுப் போற பாட்டுக்குத்தான் நான் நடக்கணுமா? என் மாமியார் சிரிச்சுச் சிரிச்சே சாப்பிடல."

"கோயில் தெருவுல ஓபிலியஸ் ஊதினது ஒன் காதுல விழுந்துச்சா?"

"இல்ல."

"பின்ன என்ன?" என்று சொல்லிவிட்டு, அவளை விலக்கிக்கொண்டு, மீந்த விருந்து உணவைத் தேடி உள்ளே போனார்.

அதற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் அக்கோயிலில் ஊதினார். பாபியஸ் மறுபடி தேர்தலுக்கு நின்று வென்ற ஆண்டில் மட்டும் உடல்நலமில்லை என்று விடுப்புக் கேட்டார், நகரசபை தரவில்லை. பல் விழத் தொடங்கியதும் வேறு ஆளை அமர்த்தினார்கள். அவர் கோயிலில் கடைசியாகக் குழல் ஊதியது கி.பி. 139 மார்ச் 3 அன்று; அன்றைய பலி ஒரே தடவையில் முடிந்தது.