சுகி மரத்துக்காரரின் தும்மல்

குரிமோட்டோ சிகெசோவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சுகி என்கிற ஜப்பானியத் தேவதாரு மரம் அறுத்துப் பிழைப்பது. மார்ச்சில் மலையிலிருந்து மஞ்சள் தூளாக மகரந்தம் இறங்கும்போது, டோக்கியோவிலிருந்து வருகிறவர்கள் தும்முவதைப் பார்த்தால் அவருக்கு அப்படியொரு சிரிப்பு. "பட்டணத்து மூக்கு, பாவம்" என்பார். மூன்று வருடமாக அவர் மூக்கும் அதே பாட்டைப் பாடியது. கேட்டால் ஜலதோஷம் என்பார். சுகி பூத்ததும் வந்து, உதிர்ந்ததும் போய்விடுகிற, ரொம்ப ஒழுங்கான ஜலதோஷம்.

இந்த வருடம்தான் வம்பு. ஊர்த் திருநாளில் மலைத் தெய்வத்துக்குப் படையல் தட்டை ஏந்திப் போகும் முறை அவருக்கு வந்திருந்தது. மூச்சுக்காற்று படையலைத் தொடக்கூடாதென்று உதட்டில் வெள்ளைக் காகிதத்தைக் கவ்விக்கொண்டு நடக்கவேண்டும். படையல்மேல் ஒரு தும்மல் விழுந்தால் மானம் கப்பலேறிவிடும். எதிர்வீட்டு தோபே ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார். சிகெசோவுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி அடுத்த ஊர் மூக்கு டாக்டரிடம் போனார். அங்கே ஒரு செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தும்மல் கேட்டது. எட்டிப் பார்த்தால், அவர் ஊர்க் கோயில் பூசாரி.

"சாமி, நீங்களுமா?"

"நான் முழங்கால் வலிக்கு வந்தேன்."

"இவரு மூக்கு டாக்டருங்க, சாமி."

பூசாரி தாளை மடித்தார். "நீ என்னைப் பாக்கல. நான் உன்னைப் பாக்கல."

டாக்டர் மூக்கில் அடிக்க மருந்து கொடுத்தார். நன்றாக இருக்கிற நாளிலும் விடாமல் அடிக்கவேண்டும். வெளியே போய்வந்தால் சட்டையை வாசலிலேயே உதறவேண்டும். மெத்தையை வெளியே போடவே கூடாது. அங்கேதான் சிக்கல். வெயில் தலைகாட்டினால் போதும், அவர் மனைவி கினுவே மெத்தையை மாடிக் கம்பியில் தொங்கவிட்டு மொத்து மொத்தென்று மொத்துவாள். மலையின் மகரந்தம் பாதி அதில்தான் குடியிருந்தது.

"மெத்தைய இனிமே உள்ளயே காயப்போடு."

"வெயில் படாத மெத்தையில மனுஷன் படுப்பானா?"

"ஜலதோஷத்துக்கு ஆகாதாம்."

"அலர்ஜின்னு வாயத் தொறந்து சொன்னா என்னங்க? ஊருக்கே தெரியும். மெத்தையால வருதுன்னுதான் எனக்குத் தெரியல. நீங்க சொன்னாத்தானே?"

அன்றிலிருந்து மெத்தை உள்ளே காய்ந்தது.

திருநாளன்று காற்று பலமாக அடித்து மலையே மஞ்சளாகப் புகைந்தது. சிகெசோ காகிதத்தைக் கவ்வியபடி நடந்தார். மூக்கு சமர்த்தாக இருந்தது. தட்டைத் தெய்வத்தின் முன் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அது மகரந்தத்தால் அல்ல.

மந்திரத்தின் நடுவே பூசாரி தும்மினார். உடனே இன்னொன்று. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பூசாரியின் காது சிவந்துபோயிற்று. சிகெசோ பேசாமல் இருந்திருக்கலாம். அவர் மானம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. காகிதத்தை எடுத்தார்.

"சாமிக்கு ஒண்ணுமில்ல. சுகி அலர்ஜி. எனக்கும்தான் இருக்கு. மருந்து அடிச்சிட்டு வந்து நிக்கறேன்."

"ரெண்டு நாள் மழை பெஞ்சுதே, சரியாப்போச்சுன்னு மருந்தை விட்டுட்டேன்" என்று பூசாரி முணுமுணுத்தார்.

அவ்வளவுதான். வருடக்கணக்காக அடக்கிவைத்திருந்த தும்மல்கள் பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. எல்லாம் மரம் அறுக்கிற மூக்குகள். அதில் பெரிய சத்தம் தோபேயுடையது.

படியிறங்கும்போது தோபே பக்கத்தில் வந்து, எங்கோ பார்த்தபடி கேட்டார்: "அந்த டாக்டர் ஊருக்குக் காலையில பஸ் இருக்கா?"