0 = 0 என்று முடிந்த என் டெமோ கிளாஸ்

விருதுநகரில் மிளகாய் வற்றல் குடோனுக்கு மேல்மாடியில் ஒரு வங்கித் தேர்வுப் பயிற்சி மையம். 2004-இல் அங்கே வாத்தியார் வேலைக்கு டெமோ கிளாஸ் எடுக்கப் போனேன். அதே தேர்வை மூன்று தடவை எழுதிக் கோட்டை விட்டவன் என்பதை யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். "மாப்பிள்ளை என்ன செய்றாக?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வேலை வேண்டும்.

பாடம், டேட்டா சஃபிஷியன்சி. இதில் விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா, போதாதா என்று சொன்னால் சரி. ஊருக்கு ஏற்ற மாதிரி கேள்வியை நானே தயாரித்திருந்தேன்.

ஒரு புஸ்வாணத்தின் எடை என்ன?
தகவல் 1: இரண்டு புஸ்வாணம், மூன்று சக்கரம் சேர்ந்து 600 கிராம்.
தகவல் 2: நான்கு புஸ்வாணம், ஆறு சக்கரம் சேர்ந்து 1200 கிராம்.

"தெரியாதது ரெண்டு, சமன்பாடு ரெண்டு. கண்ண மூடிக்கிட்டு 'போதும்'னு டிக் அடிங்க" என்றேன், பெரிய மேதை மாதிரி.

நாரணாபுரத்தில் பட்டாசு பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்த மாரீஸ்வரி எழுந்தாள். "சார், மொத தகவல ஒரு கிஃப்ட் பாக்ஸ்னு வச்சா, ரெண்டாவதும் அதே பாக்ஸ்தான. ரெண்டு பாக்ஸ ஒண்ணா வச்சு எடை போட்டிருக்காக. இதுல புஸ்வாணம் மட்டும் எம்புட்டுன்னு எப்பிடித் தெரியும்?"

சுருக்கென்றது. கடைசி பெஞ்சில் மைய உரிமையாளர் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். ஒத்துக்கொண்டால் மானம் போய்விடும். "இப்பப் பாரும்மா" என்று போர்டில் கணக்கைப் போட ஆரம்பித்தேன். கீழே இருந்து ஏறிய மிளகாய் நெடிக்கு நடுநடுவே தும்மல் வேறு. போர்டு நிறைந்து, கடைசி வரி வந்தது: 0 = 0.

"என்ன சார், புஸ்வாணத்துக்கு எடையே இல்லையா?" என்றார் அண்ணாச்சி. வகுப்பே சிரித்தது.

எண்கள் சுலபமாக வரட்டும் என்று முதல் வரியை இரண்டால் பெருக்கி இரண்டாவதை உண்டாக்கிய புத்திசாலி நானேதான்! "அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. ரெண்டும் சேர்ந்தாலும் போதாது. தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

"எங்கன கெளம்பிட்டீக?" அண்ணாச்சி மறித்தார். "இதுக்கு முன்ன வந்த நாலு பேரு தப்ப ஒத்துக்கிடவே இல்ல. நாளைக்கே வேலைக்கு வாங்க. ஆனா கேள்விய அந்தப் பிள்ளைகிட்டக் காட்டிட்டு போர்டுல எழுதுங்க."

இளைய வாத்தியார்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாக்பீஸை எடுக்கும் முன் கேள்வியை ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். என் மூன்று தோல்விக்கும் அந்த அவசரம்தான் காரணம்.

கல்யாணத்துக்கு மாரீஸ்வரி வந்திருந்தாள். "மாப்பிள்ள எப்பிடிம்மா சொல்லிக் குடுக்காரு?" என்று மாமனார் அவளைப் போய்க் கேட்டுவிட்டார். எனக்கு மாலையோடு வியர்த்தது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருவாக, ஐயா."

அது புகழ்ச்சியா என்று மாமனாருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.