உப்புக் கோட்டையின் ஆறாம் தளம்

இன்று 2025 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. எனக்கு வயது எழுபத்து நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும். "பார்த்தால் தெரியவில்லையே" என்று சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் அந்தச் சிரமத்தை எடுக்க வேண்டாம். தெரிகிறது, என் வீட்டிலும் கண்ணாடி இருக்கிறது. கடந்த சனிக்கிழமை கெல்சென்கிர்ச்சனிலிருந்து வால்டோர்ஃபுக்குப் போய்வந்தேன். இல்லாமற்போன ஒரு யப்பானிய வீடியோ கேம் நிறுவனத்தைப் பற்றி அங்கே ஒரு சிறு கண்காட்சி நடக்கிறது. மாத இறுதியில் மூடிவிடுவார்கள். கோவில்களையும் அருங்காட்சியகங்களையும் பற்றியே இந்த இணையத்தளத்தில் படித்துவந்தவர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டுத் தொடர்ந்து படிக்கலாம்.

துணைக்கு வந்தவள் என் அண்ணன் மகள் வதனி. முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருக்கிறாள். நாள் முழுவதும் கிழவர்களோடு இருந்துவிட்டு விடுமுறையிலும் என்னோடு வருவது அவளது விருப்பம். காலை 7.20க்குப் புறப்பட்டு, துய்ஸ்பூர்க்கில் விரைவு ரயிலுக்கு மாறினோம். மான்ஹைம் வரைக்கும் முன்பதிவில் ஆளுக்கு 32 யூரோ 90 சதம். அங்கிருந்து வீஸ்லோக்-வால்டோர்ஃப் நிலையத்துக்கு உள்ளூர் ரயில். மாதப் பயணச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவில்லை. மொத்தத் தூரம் ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர்.

கொலோன் தாண்டியதும் வதனி தொடங்கினாள்.

"மாமி, பெடியள் கேம் விளையாடினா வயரைக் கழட்டி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போற ஆள் நீங்கள். இப்ப கேம் பாக்க உவ்வளவு தூரம் போறியள்?"

"நீ ஏன் வாறாய்?"

"எனக்கு ஹைடல்பேர்க் கோட்டை பாக்க வேணும். வழியிலதானே கிடக்கு?"

"நாங்கள் போற இடத்திலயும் ஒரு கோட்டை இருக்கு. முதல்ல அதைப் பார்."

மான்ஹைமுக்கு முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகச் சேர்ந்தோம். தொடர்பு ரயில் போய்விட்டிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்: ரயில் மாறுவதற்குப் பத்து நிமிட இடைவெளி என்று அட்டவணை சொன்னால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து பேருந்தில் பதினைந்து நிமிடம், பிறகு சிறிது நடை. கண்காட்சி நடப்பது பழைய அச்சகமொன்றின் பின்கட்டில். நுழைவு நான்கு யூரோ, முதியோருக்கு இரண்டரை. என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை.

கண்காட்சியை நடத்துபவர் சபரி. கோயம்புத்தூர்க்காரர், வயது நாற்பதுக்குள், வால்டோர்ஃபில் மென்பொருள் பொறியாளர். வார இறுதிகளை நான்கு ஆண்டுகளாக இந்தக் கூடத்தில் செலவழித்திருக்கிறார். தமிழ் கேட்டதும் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க ஆன்ட்டி, வாங்க. டிரெயின் லேட்டா?"

"லேட் இல்லாத நாளெண்டு ஒண்டு இருந்தாச் சொல்லுங்கோ, அண்டைக்கு வாறம்."

சிரித்தார். ஆன்ட்டி என்பதை நான் ரசிக்கவில்லை, ஆனால் திருத்தவும் இல்லை.

நிறுவனத்தின் பெயர் காஸேகுரா. மேற்கு யப்பானின் துறைமுக ஊரொன்றில், நூடில்ஸ் கடைக்கு மேலிருந்த அறையில், காசு போட்டு விளையாடும் இயந்திரங்களைப் பழுதுபார்த்த மூன்று நண்பர்கள் தொடங்கியது. பழுதுபார்த்தே விளையாட்டு செய்யக் கற்றார்கள். பிறகு வீட்டுக் கணினிகளுக்குச் செய்தார்கள். ஐரோப்பாவில் விற்பதற்காக டுஸ்ஸல்டோர்ஃபில் இரண்டு அறைகளில் கிளை வைத்தார்கள். அவர்கள் நம்பியிருந்த கணினி சந்தையிலிருந்து போனபோது நிறுவனமும் போயிற்று. இவ்வளவும் சுவரில் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ஒட்டப்பட்டிருக்கிறது. எழுத்து சிறியது, கண்ணாடி கொண்டுபோகவும்.

அக்காலத்து யப்பானிய நிறுவனங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் எவருடைய உண்மைப் பெயரும் வராது. பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். ஆகவே புனைபெயர்கள்: கோபக்கார நண்டு, சிவப்புக் குடை, மூன்றாம் பல், இப்படி. காஸேகுராவில் இதற்கு மேல் ஒரு விதியும் இருந்தது. ஒருவர் தன் புனைபெயரை வெளியே சொல்லலாம். இன்னொருவருடையதைச் சொல்லக் கூடாது.

அவர்களது கடைசி விளையாட்டு 'உப்புக் கோட்டை' கடைக்கே வரவில்லை. நிறுவனத்தை மூடும்போது தலைவர் அதை விற்காமல், அதைச் செய்த ஒன்பது பேருக்கும் கூட்டாகக் கொடுத்துவிட்டார். எஞ்சியிருந்த ஒரே பிளாப்பித் தட்டைச் சபரி படியெடுத்து, பழுதான பகுதிகளைச் சீராக்கியிருக்கிறார். தட்டை இப்போது எந்தக் கணினியாலும் வாசிக்க முடிவதில்லை. அந்தப் படியை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட அவர் விரும்புகிறார். அதற்கு ஒன்பது பேரின் சம்மதமும் வேண்டும். எட்டுப் பேர், அல்லது அவர்களின் குடும்பத்தார், சம்மதித்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆளின் புனைபெயர் 'தேநீர் வேண்டாம்'. யாரென்று தெரிந்தவர்கள் எவரும் சொல்லவில்லை. ஒக்டோபர் 31க்குள் சம்மதம் கிடைக்காவிட்டால் படியை அழித்துவிடுவதாகச் சபரி வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நிபந்தனையின் மேல்தான் மற்றவர்கள் தட்டையே கொடுத்தார்கள்.

"அழிச்சுப்போடுவியளோ?" வதனி கேட்டாள். "ஒரு கொப்பி ஒளிச்சு வச்சா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே அக்கா. வாக்கு குடுத்தாச்சு."

அதைச் சொல்லும்போது அவர் கணினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தின் நடுவே உப்புக் கோட்டையை விளையாடிப் பார்க்கலாம். நாங்கள் போனபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க தாடிக்கார ஜெர்மானியர் ஒருவர் ஆறாம் தளத்தில் மூடிய கதவொன்றின் முன் சிக்கியிருந்தார். ஜாய்ஸ்டிக் தடியை இழுத்தார், பொத்தானை அடித்தார், கடைசியில் மேசையையும் அடித்தார். இதைக் கட்டியவனுக்குக் குழந்தைகளைப் பிடிக்காது என்று உரக்கச் சொன்னார். குழந்தைகள் எவரும் அங்கிருக்கவில்லை.

"நான் நாலு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டேன் ஆன்ட்டி," என்றார் சபரி தாழ்ந்த குரலில். "ஒரு நாள் அம்மா போன் பண்ணாங்க. ஜாய்ஸ்டிக்கை வச்சிட்டு எந்திரிச்சுப் போனேன். திரும்பி வந்தா கதவு தொறந்து கெடக்கு! ஒரு நிமிஷம் எதையுமே தொடாம இருக்கணும். அவ்ளோதான். இப்படி யோசிச்ச ஆளை ஒரு தடவையாவது பாக்கணும்."

"விசர் வேலை," என்று தலையில் அடித்துக்கொண்டாள் வதனி.

மூன்று மணிக்கு ஷிமாதா என்ற முதியவர் வந்தார். டுஸ்ஸல்டோர்ஃப் கிளையை நடத்தியவர். மூடிய பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். எண்பதைக் கடந்தவர், நேராக நிற்கிறார். கையோடு ஒரு குடுவையில் பச்சைத் தேநீர் கொண்டுவந்திருந்தார். இருந்த பதினைந்து பேருக்கும் சிறு கோப்பைகளில் தாமே ஊற்றிக் கொடுத்தார். வதனிக்குக் கொடுத்தார். என் முன்னால் வந்து நின்றார், குனிந்து வணங்கினார், ஊற்றாமல் அடுத்த ஆளிடம் போனார்.

"பாத்தீங்களே மாமி? உங்களுக்கு மட்டும் தரேல்லை. என்ன மனிசன்?"

"முடிஞ்சு போயிருக்கும்."

"எங்க முடிஞ்சது? அங்க ஊத்துறார் பாருங்கோ!"

பிறகு சபரி எழுந்து, எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் ஜெர்மனில் கேட்டார்: ஒன்பதாவது ஆள் உயிரோடாவது இருக்கிறாரா? இதுவரை இந்தக் கேள்விக்கு ஷிமாதா பதில் சொன்னதில்லையாம். அன்று சொன்னார். உயிரோடு இருக்கிறார், நலமாகவும் தெரிகிறார். பெயரைச் சொல்லும் உரிமை தமக்கில்லை. சம்மதம் கேட்கும் உரிமையும் இல்லை, ஏனென்றால் கேட்பதும் சொல்வதற்குச் சமம். தாடிக்காரர் சலித்துக்கொண்டார். சபரி நன்றி சொல்லிவிட்டுக் கோப்பைகளைச் சேர்க்கத் தொடங்கினார். இரண்டு கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று வைக்க அவர் மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

ஹைடல்பேர்க் கோட்டைக்கு நேரம் போதவில்லை. வதனி வழி முழுவதும் அதையும் ஷிமாதாவையும் மாறி மாறித் திட்டினாள்.

"ஒரு பேரைச் சொன்னா அந்தாளுக்கு என்ன குறையும், மாமி? அந்தப் பெடியன்ர முகத்தைப் பாத்தனீங்களே?"

"பாத்தனான்."

"அப்ப ஒண்டும் சொல்ல மாட்டியளோ?"

"இப்ப நித்திரை கொள்ளப் போறன்."

இரவு பத்தேகாலுக்கு வீடு சேர்ந்தோம்.

போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமைகளில் மட்டும், காலை 11 முதல் மாலை 5 வரை. இன்னும் இரண்டு சனிக்கிழமைகள் இருக்கின்றன. கூடத்தில் சூடேற்றி இல்லை, தடித்த கம்பளிச் சட்டை தேவை. உணவு கிடையாது, நிலையத்தருகே வாங்கிச் செல்லுங்கள். கழிப்பறை சுத்தமானது, ஆனால் செங்குத்தான படியில் இறங்க வேண்டும். ஹைடல்பேர்க் கோட்டையும் பார்க்க நினைத்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். ஆறாம் தளத்தின் வழியை மேலே சொல்லிவிட்டேன், மேசையை அடிக்க வேண்டாம்.

இறந்துபோன நிறுவனங்களுக்காக வருந்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. காஸேகுரா நடுத்தரமான விளையாட்டுகளைச் செய்தது, ஒன்றிரண்டு நல்லவை. அந்த ஒன்றிரண்டை அழிப்பதற்கும் காரணம் தெரியவில்லை. இரண்டு நாட்கள் யோசித்தேன். கூட்டத்தில் வாயைத் திறந்திருந்தால், வதனி கொலோன் வருவதற்குள் தொலைபேசியில் ஊர் முழுவதும் சொல்லியிருப்பாள், பாதியைப் பிழையாக. எழுதினால் பிழை வராது.

டுஸ்ஸல்டோர்ஃபில் யப்பானிய அலுவலகமொன்றில் தட்டச்சு வேலை பார்த்தேன் என்றுதான் என் வீட்டாருக்கும் ஊராருக்கும் தெரியும். அது உண்மை, முற்பகலில் தட்டச்சு செய்தேன். யாழ்ப்பாணத்தில் வாங்கிய கணிதப் பட்டத்தை இந்த நாட்டில் எவரும் கேட்கவில்லை. ஷிமாதா கேட்டார், பிற்பகல்களில் ஒரு பென்சிலையும் கட்டம் போட்ட தாளையும் கொடுத்தார். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு ஆறு தடவை நீட்டப்பட்ட பச்சைத் தேநீரை ஆறு தடவையும் மறுத்தேன். ஒன்பதாவது ஆள் நான்தான். ஆறாம் தளத்தைக் கட்டியது நான். சபரி, நீங்கள் எதையும் அழிக்க வேண்டாம், எனக்குச் சம்மதம்.