ஷிரா வீட்டுப் பூரிம்

போன வாரம் குருமாவுக்குக் கசகசா வறுத்துக்கொண்டிருந்தேன். வாணலியில் அது லேசாகப் பொரியத் தொடங்கியதும் கிளம்புமே ஒரு வாசனை, அதில் அடுப்பை மறந்து நின்றுவிட்டேன். கசகசா கருகிவிட்டது. குருமா தேங்காயை நம்பிப் பிழைத்துக்கொண்டது. எனக்குத்தான் ஷிராவின் அம்மா ஞாபகம் போகவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்த புதிது. அவர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார், வந்ததும் தூங்குவார். பேச ஆளில்லாமல்தான் பனியன் கம்பெனிகளுக்கு நடுவிலிருந்த ஒரு பிளே ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இருபது பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லோருக்கும் நாலு வயது.

முதல் நாள், "பையை அங்கன வைங்கடே" என்றேன். வகுப்பே சிரித்தது. "மிஸ், நீங்க ஏனுங்க இப்புடிப் பேசறீங்க?" என்று கேட்டது ஒன்று. அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று 'ங்க' பழகினேன். பழகிப் பழகி, பால் குடிக்க வந்த பூனையைக்கூட "போங்க" என்றுதான் விரட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷிரா அந்த வருஷம் வந்தாள். சுருட்டை முடி. அப்பா வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக இங்கே தைக்கிற துணிகளைச் சரிபார்ப்பவர். குழந்தையை விட்ட பிறகும் அவள் அம்மா அரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே நிற்பார். குழந்தை அழுமோ என்ற பயம் என்று நினைத்திருந்தேன். ஷிரா அழுததே இல்லை. போவதற்கு அவருக்கு வேறு இடமில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர்கள் யூதர்கள்; பூரிம் என்று ஒரு பண்டிகை வருகிறது; அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தன. யூத சனத்தை அழிக்கப் பார்த்த மந்திரியிடமிருந்து ஒரு ராணி அவர்களைக் காப்பாற்றிய நாள் அது. கதையில் மந்திரி பெயர் வரும்போதெல்லாம், அது காதில் விழாதபடி சத்தம் போட வேண்டும். முக்கோண பிஸ்கட்டும் உண்டு, உள்ளே கசகசா. அண்ணாச்சி கடைக்குக் கூட்டிப்போனேன். ஷிரா அம்மாவின் ஊரில் கசகசா கறுப்பாக இருக்குமாம். நம்முடைய வெள்ளைக் கசகசாவைக் கையில் கொட்டி, முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னமோ பண்ணுங்க மிஸ். சத்தம் மட்டும் வராமப் பாத்துக்கங்க" என்றார் கரஸ்பாண்டன்ட் அம்மா. பண்டிகையே சத்தம்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்களில் புளியங்கொட்டை போட்டு இரண்டு பக்கமும் டேப் ஒட்டினோம். கட்டிங் வேஸ்ட் துணியில் ஆளுக்கொரு கிரீடம். "இன்னிக்குப் பூரிம்" என்றதும், "பூரியா மிஸ்? கெழங்கு உண்டுங்களா?" என்றான் ஒருவன்.

கதை சொன்னேன். "அந்த ராணி தன்னோட சனம் யாருன்னு அரண்மனையில ஒருத்தருகிட்டயும் சொல்லலை."

"ஏனுங்க மிஸ் சொல்லலை?"

"சிரிப்பாங்களோன்னு பயம்."

ஷிராவின் அம்மா சொன்ன கதையில் அப்படி ஒரு காரணமே இல்லை. என் வாயில் எப்படியோ வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. "அந்த மந்திரிப்பய என்ன செஞ்சாம் தெரியுமாடே?" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே போய்க்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இருபது கோன்களும் குலுங்கின. ஷிரா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்த கரஸ்பாண்டன்ட் அம்மாவின் தலையிலும் யாரோ ஒரு கிரீடத்தை மாட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். வாடகை வாங்க வருபவரைத் தவிர அதுவரை யாரும் தட்டாத கதவு. ஷிராவின் அம்மா நின்றிருந்தார், தட்டில் பிஸ்கட்டும் இரண்டு ஆரஞ்சும். பூரிம் அன்று ஒரு நண்பருக்காவது தின்பண்டம் கொடுத்தாக வேண்டுமாம்.

"ஒன் ஃபிரண்ட், மஸ்ட்" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "ஹியர், ஒன்லி யூ, மிஸ்" என்றார்.

வீட்டில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "யுவர் மதர்... ஃபார்?" என்று கேட்டார்.

"எயிட் அவர்ஸ், பஸ்."

"மைன், டூ பிளேன்ஸ்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஓர் ஆரஞ்சை உரித்து ஆளுக்குப் பாதி தின்றோம்.

தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? முறுக்கு சுட்டு எடுத்துப் போகலாம் என்று இருந்தேன். போனால் பதிலுக்கு வீட்டுக்கு அழைக்க வேண்டும். அழைத்தால் உட்கார இன்னொரு நாற்காலி வேண்டும். என் கணவருக்கு லீவு கிடைக்கட்டும், சாப்பிடவே கூப்பிட்டுவிடலாம். இப்படியே பங்குனி போய், பள்ளிக்கூட லீவும் போனது. ஜூனில் ஷிரா வரவில்லை. அன்றே முறுக்கு சுட்டு அவர்கள் அபார்ட்மெண்டுக்கு ஓடினேன்.

"ஊட்டைக் காலி பண்ணி ஒரு மாசமாச்சுங்களே" என்றார் வாட்ச்மேன். "போறப்ப அந்தம்மா ஸ்கூலு கேட்டு வரைக்கும் போயிட்டு வந்துச்சுங்க. பூட்டியிருந்துச்சாம்."

முறுக்கை வாட்ச்மேனிடமே கொடுத்தேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது அட்டைப்பெட்டி குடோன். கரஸ்பாண்டன்ட் அம்மா மகனோடு கோயமுத்தூருக்குப் போய்விட்டார். அன்று கோன் குலுக்கிய பையன் ஒருவனைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். டீஷர்ட் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறான். "அப்புடியெல்லாம் பண்ணுனமுங்களா மிஸ்?" என்று மரியாதையாகச் சிரித்தான்.

இப்போதெல்லாம் யாரையும் போனில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறாள் என் மகள். "பேரைச் சொல்லும்மா, நான் பாக்கேன்" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அம்மாக்களுக்குப் பெயர் கிடையாது. அவர் எனக்கு ஷிரா அம்மா, நான் அவருக்கு மிஸ். அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை.